குதிப்பதா, கையசைப்பதா?

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் ரசிகர்களின் எந்த வழக்கத்தை நேரில் பார்க்க வேண்டும்? விஸ்கான்சின் பல்கலைக்கழக ரசிகர்களின் குதியாட்டம் பிரபலம். 1998 முதல், ஆட்டத்தின் நான்கு கால்பகுதிகளில் மூன்றாவது முடிந்ததும் அவர்களுடைய கேம்ப் ராண்டல் அரங்கில் ஒரு ராப் பாட்டு அலறும். மாணவர்கள் மொத்தமாக எகிறிக் குதிக்க, மேல்தளமே அதிரும்.

சரி, ஆனாலும் என் ஓட்டு அயோவா பல்கலைக்கழகத்துக்குத்தான். அயோவா சிட்டியில் உள்ள அவர்களுடைய கின்னிக் அரங்கை ஒட்டியே குழந்தைகள் மருத்துவமனை இருக்கிறது. 2017 முதல், முதல் கால்பகுதி முடிந்ததும் ஏறத்தாழ 70,000 பேர் திரும்பி நின்று அதன் ஜன்னல்களைப் பார்த்துக் கையசைக்கிறார்கள். எதிரணி ரசிகர்கள், ஆட்டக்காரர்கள், நடுவர்கள்கூட. மேல்மாடிக் கண்ணாடிக்குப் பின்னால் பெற்றோரோடு நிற்கும் பிள்ளைகள் பதிலுக்குக் கையாட்டுகிறார்கள். ஆட்டத்தில் யார் முன்னிலை என்பதே அந்த நிமிடம் யாருக்கும் நினைவிருக்காது. ஒரு டிக்கெட்தான் என்றால் அயோவா சிட்டிக்கு எடுங்கள். தாமதமாக மட்டும் போய்விடாதீர்கள்.