கொடைக்கானல் டூர்னு 12,000 ரூபாய் போச்சு. மதுரைக்காரங்க உஷார்!

நேத்து ராத்திரி பதினொரு மணிக்கு ஆரப்பாளையத்துல இறக்கிவிட்டுட்டுப் போனான். இன்னும் கொதிப்பு அடங்கல. பேரைப் போட்டா வம்பு. ஆன்லைன்ல விளம்பரம் பண்ணி வேன் விடுற டிராவல்ஸ் ஒண்ணு, அவ்வளவுதான் சொல்வேன்.

"அவசரமில்லாத ஒருநாள் மலைப் பயணம். காடு, விலங்கு, வரலாறு. கூடவே விவரமான கைடு." பட்டிவீரன்பட்டி வழியா ஏறி தாண்டிக்குடி கல்திட்டைகள் (பெருங்கற்காலத்துக் கல்லறைகள்), மதியம் காட்டுக்குள்ள இருக்கிற பேரிஜம் ஏரி, சாயங்காலம் கொடைக்கானல் ஏரி. ஆளுக்கு 2,400. மாமா, அத்தை, நாங்க ரெண்டு பேர், பையன், ஆக 12,000 ரூபாய். முழுசும் முன்கூட்டியே ஜிபே.

எங்க மாமா ரிட்டயர்டு வரலாறு வாத்தியார். கல்திட்டைன்னதும் கிளம்பிட்டார். போன்ல பேசுன ஆள், "அக்கா, ஐயாவுக்கு முட்டிவலியா? முன் சீட்டு போட்டுர்றேன். நானே கையப் பிடிச்சுக் கூட்டிப் போறேன்"னான். எந்த டூர்க்காரன் இவ்வளவு பதமாப் பேசுவான்? போதாததுக்கு பேரிஜம் வனத்துறை பெர்மிட்டுன்னு வாட்ஸப்புல ஒரு போட்டோ. சீல், கையெழுத்து எல்லாம் பளிச்சுனு. உடனே பணம் போட்டாச்சு.

அஞ்சரைக்கு வர்ற வேன் வந்தது ஏழே முக்காலுக்கு. கைடு இல்ல. கையப் பிடிக்கிறேன்னவனும் இல்ல. முன் சீட்டுல டிரைவரோட மச்சான். மாமாவுக்குக் கடைசி வரிசை, டயருக்கு மேல. வத்தலக்குண்டு தாண்டி வண்டி நேரா காட் ரோட்டுல ஏறுது. தாண்டிக்குடி என்னாச்சுன்னா, "ரோடு சரியில்லக்கா."

வெள்ளி அருவியில ஒரு பையனை ஏத்தி இவர்தான் கைடுன்னாங்க. கொடைக்கானல் ஏரி இயற்கையா உண்டானதுன்னான் அவன். மாமாவுக்குப் பொறுக்கல. "தம்பி, மதுரைக் கலெக்டரா இருந்த லெவிஞ்ச் 1863-ல ஓடைய மறிச்சு உண்டாக்குன ஏரிப்பா. இந்த அருவியில விழுறதே அந்தத் தண்ணிதான்"னு ஆரம்பிச்சார். அப்புறம் வேன்ல இருந்தவங்க எல்லாம் மாமாகிட்டதான் கேள்வி கேட்டாங்க. காசு குடுத்து நாங்களே கைடு வேலையும் பார்த்தோம்!

ஊருக்குள்ள சாக்லேட் கடை, தைலக் கடை. அங்க மட்டும் அவசரமே இல்ல.

பேரிஜத்துக்குப் போற வழியில மோயர் பாயிண்ட் கேட்டுக்கு வந்ததும் டிரைவர், "யானை நிக்குதாம், பேரிஜம் மூடிட்டாங்க"ன்னான். அவன் வாய மூடல, கண்ணு முன்னாடியே ரெண்டு கார் உள்ள போகுது. நானே இறங்கிப்போய் ஃபாரஸ்ட் கார்டுகிட்ட பெர்மிட் போட்டோவைக் காட்டினேன். பெருசு பண்ணிப் பார்த்துட்டு, நம்பர் மேல விரலை வச்சார். "இது வேற வண்டிம்மா. தேதியும் போன வருஷத்துது."

12,000 ரூபாய்க்கு நாங்க பார்த்த வனவிலங்கு, பையன் கையிலிருந்த சோளத்தைப் பிடுங்குன குரங்கு.

போன் போட்டா முதல்ல, "மீட்டிங்ல இருக்கேன்க்கா." அடுத்து, "அது டிரைவர் பண்ண தப்பு." அப்புறம், "காட்டுக்குள்ள விடலைன்னா ஃபாரஸ்ட்காரங்களைக் கேளுங்க, நான் என்ன பண்ண?" கடைசியா ஒரு பொண்ணு எடுத்து, "ரீஃபண்ட் கிடையாது மேடம், அடுத்த டிரிப்புல அட்ஜஸ்ட் பண்ணித் தர்றோம்"னுச்சு. அடுத்த டிரிப்பாம்! இன்னிக்குக் காலையில இருந்து வாட்ஸப்புல ஒத்த டிக்தான். பிளாக் பண்ணிட்டான். அக்கான்னு கூப்பிட்ட வாய்!

எப்படி உஷாரா இருக்கணும்னு விரிவா எழுதத்தான் உக்காந்தேன், ஆத்திரத்துல கை ஓடல. பெர்மிட் போட்டோ அனுப்புனா தேதியையும் வண்டி நம்பரையும் படிங்க. 2024 மே மாசத்துல இருந்து கொடைக்கானலுக்கு இ-பாஸ் கட்டாயம், அதுலயும் வண்டி நம்பர் இருக்கும். ரெண்டும் ஒத்துப்போகலைன்னா ஏறாதீங்க. முழுப் பணம் முன்னாடியே குடுக்கவே குடுக்காதீங்க. கைடுகிட்ட நேரடியாப் பேசிட்டு புக் பண்ணுங்க.

நுகர்வோர் உதவி எண் 1915-ல புகார் குடுத்தாச்சு. இதே ஆள்கிட்ட ஏமாந்தவங்க இருந்தா ஸ்கிரீன்ஷாட்டோட இன்பாக்ஸ் வாங்க, சேர்ந்தே குடுப்போம். 12,000 ரூபாயை விடுறதா இல்ல.