உலாவல் வகைகளைத் தனியே பிரித்த பிறகு: நீண்ட காலப் பயன்பாட்டு அனுபவம்

மருத்துவ ஆன்டாலஜி (மருத்துவக் கருத்துருக்களையும் அவற்றின் உறவுகளையும் கணினிக்குப் புரியும்படி அடுக்கிய சொற்றொகுதி) ஒன்றில் ‘இதயம் சார்ந்தவை’ என்று ஒரு வகை இருந்தால் தேடுகிறவருக்கு வசதிதான். தேடிச் செல்ல மட்டுமே உதவும் இத்தகைய வகையைத்தான் உலாவல் வகை என்கிறேன். மாரடைப்பு, இதயச் செயலிழப்பு, டிகாக்சின் மாத்திரை, ஈசிஜி பரிசோதனை எல்லாம் ஒரே இடத்தில் கிடைத்துவிடும். தொல்லை எங்கே தொடங்குகிறது என்றால், கண்ணுக்கு வசதியாக வைத்த அந்த வகையையும் மாரடைப்பைப் போன்ற ஒரு கருத்துருவாகவே கருதி, ‘இது அதன் ஒரு வகை’ என்ற அதே உறவால் கட்டும்போதுதான். இரண்டு விதமாகவும் கட்டப்பட்ட சொற்றொகுதிகளில் பல ஆண்டுகள் வேலை செய்துவிட்டேன். பிரித்து வைப்பதே சரி என்பதில் எனக்கு இனி ஐயமில்லை. அதனால் கூடும் வேலையும் கொஞ்சமல்ல.

பிரிக்காத காலத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். இதய நோயாளிகள் எத்தனை பேர் என்று ஓர் ஆய்வுக்குழு கேட்டது. ‘இதயம் சார்ந்தவை’ என்பதன் கீழுள்ள அனைத்தையும் எடு என்று வினவல் எழுதினார்கள். வழக்கமான உடல் பரிசோதனைக்காக ஈசிஜி எடுத்துக்கொண்ட, எந்த நோயும் இல்லாதவர்களும் பட்டியலில் வந்துவிட்டார்கள். பரிசோதனைகளை நீக்கு, மருந்துகளை நீக்கு என்று வினவலுக்குள் விலக்குப் பட்டியல் சேர்ந்தது. அடுத்த குழு தனக்கென்று வேறொரு விலக்குப் பட்டியல் வைத்துக்கொண்டது. ஒரே தரவு, ஒரே கேள்வி, இரண்டு விடைகள்.

பின்னர் யாரோ அந்த வகையை ‘நோய்’ என்பதன் கீழ் நகர்த்தினார்கள். ஆன்டாலஜிகளை எழுதப் பயன்படும் ஆவுல் (OWL) மொழியில் துணைவகை உறவு, அதாவது ‘இது அதன் ஒரு வகை’ என்பது, படிப்படியாகக் கடந்து செல்லும். டிகாக்சின் இதயம் சார்ந்தது, இதயம் சார்ந்தது நோய், ஆகவே டிகாக்சின் ஒரு நோய். நோயும் மருந்தும் ஒன்றாக இருக்க முடியாது என்று முன்பே அறிவித்திருந்ததால் ரீசனர் என்ற தர்க்கச் சோதனை நிரல் உடனே முரண்பாட்டைக் காட்டியது. அந்த அறிவிப்பு மட்டும் இல்லாதிருந்தால் பிழை சத்தமில்லாமல் தரவுக்குள் போயிருக்கும். பெரும்பாலான சொற்றொகுதிகளில் அத்தகைய அறிவிப்புகள் போதிய அளவு இருப்பதில்லை என்பதுதான் எனக்கு அச்சம் தருவது.

நோயாளிப் பதிவேடுகளுக்கான பன்னாட்டுச் சொற்றொகுதியான ஸ்னோமெட் சிடியின் (SNOMED CT) ஏற்பாடு எனக்குப் பிடித்தது. 2002இல் வந்த அந்தச் சொற்றொகுதி, உலாவலுக்கு மட்டுமே உதவும் கருத்துருக்களைச் சிறப்புக் கருத்துருக்கள் என்ற தனிக் கிளைக்குள் ஒதுக்கிவைக்கிறது. அவற்றின் கீழ் எந்த நோயும் தொங்காது. நோயாளியின் பதிவேட்டில் அவற்றை எழுதவும் கூடாது. எதை எதன் கீழ், எந்த வரிசையில் திரையில் காட்டுவது என்பதை வரிசைப்படுத்திய ரெஃபரன்ஸ் செட்டுகள் எனப்படும் கருத்துருப் பட்டியல்களில் தனியாக எழுதிக்கொள்ளலாம். ஒரே கருத்துருவை இதயப் பிரிவுக்கு ஒரு விதமாகவும் அவசரப் பிரிவுக்கு வேறு விதமாகவும் காட்ட முடிகிறது. அடியில் உள்ள பொருள் அசைவதில்லை.

உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடான ஐசிடியில் (ICD) இதே எண்ணம் வேறு வடிவில் வந்திருக்கிறது. ஐசிடி-10இல் பக்கவாதம் இரத்த ஓட்ட மண்டல நோய்களின் அத்தியாயத்தில் இருந்தது. 2022இல் நடைமுறைக்கு வந்த ஐசிடி-11இல் அது நரம்பு மண்டல அத்தியாயத்துக்கு மாறிவிட்டது. மூளைக்குப் போகும் இரத்தம் தடைபடுவதிலோ குழாய் வெடிப்பதிலோ எதுவும் மாறவில்லை, மாறியது அத்தியாயம்தான். ஐசிடி-11 அடித்தளம் என்றொரு அடுக்கையும், அதிலிருந்து எடுத்துத் தொகுக்கும் பட்டியல்களையும் தனித்தனியே வைத்திருக்கிறது. ‘குறிப்பிடப்பட்ட பிற’, ‘குறிப்பிடப்படாத’ போன்ற எச்ச வகைகள் பட்டியல்களில் மட்டுமே உண்டு. இது மிக முக்கியமான முடிவு. ‘பிற இதய நோய்கள்’ என்பதன் பொருள் பக்கத்தில் என்னென்ன இருக்கின்றன என்பதைப் பொறுத்தது. புதிதாக ஒரு நோய்க்கு இடம் கொடுத்ததும், பழைய பதிவுகளில் உள்ள ‘பிற’ என்ற சொல்லின் பரப்பு வேறாகிவிடும். புள்ளிவிவரத்தில் கூட்டுத்தொகை சரியாக வர அது தேவை. அறிவின் அடித்தளத்தில் அதற்கு இடமில்லை.

மருத்துவக் கட்டுரைகளுக்குப் பொருள் தலைப்பு இடும் மெஷ் (MeSH) தொகுதியைக் குறை சொல்ல மாட்டேன். கட்டுரைகளைத் தேடி எடுக்கத்தான் அது பிறந்தது. அதில் ‘விபத்துகள்’ என்பதன் கீழ் ‘விபத்துத் தடுப்பு’ இருக்கிறது, ‘முகம்’ என்பதன் கீழ் ‘கண்’ இருக்கிறது. நூல் தேடுகிறவருக்கு இரண்டும் நியாயமே. அந்த மரத்தை அப்படியே எடுத்துத் துணைவகை உறவாக மாற்றிக்கொள்கிறவர்கள்தான் கண்ணை முகத்தின் ஒரு வகையாக்கிவிடுகிறார்கள். சொற்றொகுதிகளை இணையத்தில் வெளியிடுவதற்காக 2009இல் வெளிவந்த ஸ்கோஸ் (SKOS) தரநிலை இதில் தெளிவு: தொகுப்பு வேறு, கருத்துரு வேறு; ஒன்றே இரண்டுமாக இருக்க முடியாது.

எது உலாவல் வகை என்று தீர்மானிப்பதே கடினம். பொதுவாக இருப்பதெல்லாம் உலாவல் வகை ஆகிவிடாது. ‘தொற்றுநோய்’ மிகப் பரந்த சொல்; ஆனாலும் நோய்க்கிருமியால் வருவது என்ற வரையறை அதற்கு உண்டு. அது அசல் கருத்துரு. நேரடியாகப் பதிவதற்கு மிகப் பொதுவானது என்று, மரபணுக்களின் பணிகளை விவரிக்கும் ஜீன் ஆன்டாலஜி சில சொற்களுக்குக் குறியிட்டு வைக்கிறது. அது வேறு விஷயம். இரண்டையும் குழப்பிக்கொண்டு நல்ல மேல்நிலைக் கருத்துருக்களை வெட்டி எறிந்த திட்டங்களைப் பார்த்து வருந்தியிருக்கிறேன். ‘அரிய நோய்’ எதில் சேரும்? ஐரோப்பிய ஒன்றியத்தில் 10,000 பேரில் 5 பேருக்கு மேல் இல்லாதது அரிய நோய். அமெரிக்காவில் நாடு முழுவதும் 2,00,000 பேருக்குக் குறைவானது. நோயின் தன்மையில் இல்லாமல் மக்கள்தொகைக் கணக்கில் இருக்கும் ஒன்றை நான் படிநிலைக்குள் விடமாட்டேன், குறிச்சொல்லாக வைப்பேன். எங்கள் குழுவில் இதை ஏற்காதவர்களும் இருக்கிறார்கள், அவர்கள் வாதத்திலும் பொருள் உண்டு: பலருக்கு அதுதான் தேடலின் நுழைவாயில்.

குறிச்சொல் மட்டும் ஒட்டிவிட்டு, வகையைப் படிநிலையிலேயே விட்டுவைப்பதும் பிரித்ததாகாது. வினவல் குறிச்சொல்லைப் பார்ப்பதில்லை. உறவைத்தான் பிடித்துக்கொண்டு இறங்கும். ஒப்புமைக் கணக்கிலும் இது வினை வைக்கிறது. இரண்டு நோய்களின் நெருக்கத்தைப் பொது மூதாதையை வைத்து அளக்கும் முறைகளில், ‘பலவகை’ என்ற வகையின் கீழ் தற்செயலாக அமர்ந்த இரண்டு நோய்கள் நெருங்கிய உறவாகத் தெரியும். மரபணு நோய் கண்டறிதலில் அத்தகைய நெருக்கம் மருத்துவரைத் தவறான திசையில் அனுப்பிவிடும்.

இனி, கூடும் வேலை. படிநிலையிலிருந்து வகைகளை எடுத்த நாளில் மருத்துவர்கள் கோபப்பட்டார்கள், அது நியாயமான கோபம். பழகிய பாதை திரையில் காணாமல் போய்விட்டது. உலாவல் அடுக்கைக் காட்டும் பிரௌசர் தயாராகும் முன்பே பிரிப்பை வெளியிடக் கூடாது. அதோடு, அந்த அடுக்குக்கு ஒருவரைப் பொறுப்பாக்க வேண்டும். கருத்துருக்களுக்கு ஆசிரியர் குழு இருக்கும்; உலாவல் பட்டியலை யாரும் தன் வேலையாக நினைப்பதில்லை. ஸ்னோமெட் சிடியின் பன்னாட்டுப் பதிப்பு இப்போது மாதந்தோறும் வருகிறது. ஒரு கருத்துரு செயலிழக்கச் செய்யப்பட்டால் நம் பட்டியலில் அந்த இடம் வெற்று இணைப்பாக நிற்கும். புதிதாக வந்த கருத்துருவோ எந்தப் பட்டியலிலும் இல்லாமல் கிடக்கும். முதலாவதைத் தானியங்கிச் சோதனை பிடித்துவிடுகிறது. இரண்டாவதற்கு இன்றும் ஒரு மனிதர் உட்கார்ந்து, மாற்றப் பட்டியலைப் படித்து, எந்தப் பிரிவின் திரையில் எங்கே காட்டுவது என்று முடிவெடுக்கவேண்டியிருக்கிறது.