கெல்லி கோட்டை: பேய்க்கு ரெண்டு நட்சத்திரம், கோயிலுக்கு அஞ்சு

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், பத்து காஜா என்ற ஊர்ப் பக்கம் இருக்கும் கெல்லி கோட்டைக்குப் பேய் பார்க்க மட்டும் போகிறீர்கள் என்றால் வீட்டிலேயே இருங்கள். பகல் வெளிச்சத்தில், பள்ளிப் பிள்ளைகள் கூச்சல் போட்டுக்கொண்டு படியேறும் இடத்தில் எந்த ஆவியும் வராது. ஆனால் ஈப்போவிலிருந்து காரில் அரை மணி நேரம்தான், கதை கேட்கப் பிடிக்கும் என்றால் தாராளமாகப் போகலாம்.

கட்டடத்தைப் பற்றிக் குறை சொல்ல எதுவுமில்லை. வில்லியம் கெல்லி ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 20 வயதில் மலாயாவுக்கு வந்து, காடு அழிக்கும் குத்தகை வேலையில் காசு பார்த்து, கிந்தா கெல்லாஸ் என்று ரப்பர் தோட்டம் போட்டுத் துரையானவர். 1915 வாக்கில் இந்த மாளிகையைக் கட்டத் தொடங்கினார். செங்கல்லும் பளிங்கும் இந்தியாவிலிருந்து, வேலையாட்களும் மதராஸிலிருந்து. வளைவு வளைவான ஜன்னல்களைப் பார்த்தால் எங்கேயோ வட இந்திய அரண்மனைக்குள் வந்துவிட்ட மாதிரி இருக்கும், கோபுரத்தைப் பார்த்தால் ஸ்காட்லாந்து. கோபுரத்தில் மின்தூக்கி வைக்க ஒரு குழி விட்டிருக்கிறார்கள், மின்தூக்கி கடைசிவரை வரவேயில்லை. எனக்கு அங்கே லேசாக வயிற்றைக் கலக்கியது அந்த வெறும் குழியை எட்டிப் பார்த்தபோது மட்டும்தான்.

சரி, பேய்க்கு வருவோம். இரண்டாம் மாடி நடையில் துரை இரவில் உலாவுகிறார், மகள் ஹெலனின் அறையில் சுருட்டை முடி வைத்த சின்னப் பெண் ஒருத்தி நிற்கிறாள், இவை இரண்டும்தான் எல்லோரும் சொல்லும் கதைகள். நாங்கள் காசு கொடுத்துக் கூட்டிப் போன வழிகாட்டி இதோடு விடாமல் தலையில்லாத சிப்பாய் வரைக்கும் இழுத்துவிட்டார், அந்தச் சிப்பாய் எந்தப் படை என்று கேட்டால் பதில் இல்லை, அப்புறம் அவரே சிரித்துவிட்டார். துரை 1926-ல் இறந்தது லிஸ்பனில், நிமோனியாவால். ஹெலனோ அம்மாவோடு ஸ்காட்லாந்துக்குப் போய்ச் சேர்ந்தவள், இங்கே சின்ன வயதில் சாகவில்லை. அப்படியென்றால் ஒரு பேய் கடல் தாண்டி வந்திருக்க வேண்டும், இன்னொன்று வளர மறுத்திருக்க வேண்டும்! துரை போனதும் வேலை நின்றது, மனைவி ஆக்னஸ் திரும்பி வரவில்லை, சொத்து கைமாறியது, காடு ஏறியது. முடியாத வீடு என்றாலே நம் ஊரில் பேய்க்கு வாடகையில்லாமல் இடம் கொடுத்துவிடுகிறோம்.

இதில் எனக்கு ஒரு கடுப்பு. உண்மையாகவே இங்கே செத்தவர்கள் நம் ஆட்கள். முதல் உலகப் போர் முடியும் சமயத்தில் உலகத்தையே வாட்டிய ஸ்பானிஷ் காய்ச்சல் இந்தத் தோட்டத்தையும் விடவில்லை, கட்டட வேலைக்கு வந்த தமிழர்கள் நிறையப் பேர் போய்விட்டார்கள். மிச்சமிருந்தவர்கள் துரையிடம் போய் மாரியம்மனுக்குக் கோயில் கட்டித் தரச் சொல்லிக் கேட்க, அவரும் கட்டிக் கொடுத்தார். இத்தனை சாவு நடந்த இடத்தில் அவர்களில் ஒருவரைப் பற்றிக்கூட ஒரு பேய்க்கதை நான் கேட்கவில்லை. உலாவுவதற்கும் துரை வீட்டு ஆட்களாக இருந்தால்தான் ஆகும் போல.

அதனால் என் யோசனை, கோட்டையைச் சீக்கிரம் முடித்துக்கொண்டு பக்கத்திலிருக்கும் அந்தக் கோயிலுக்கு விடுங்கள். காரில் சில நிமிடம்தான். வருகிறவர்களில் பாதிப் பேர் இதைப் பார்க்காமலே திரும்புகிறார்கள். மேலே சாமி சிலைகளுக்கு நடுவே கோட்டும் தொப்பியுமாக ஒரு வெள்ளைக்காரர் நிற்பார், அவர்தான் கெல்லி ஸ்மித். கேட்டதைக் கட்டிக் கொடுத்த மனுஷனுக்கு நம் ஆட்கள் செய்த மரியாதை. கோட்டைக்கும் இதற்கும் சுரங்கப்பாதை உண்டு என்று ஒரு பேச்சும் இருக்கிறது. கோட்டைக்குள் சுரங்க வாய்கள் இருக்கின்றன, ஆனால் உள்ளே நடந்து போகலாம் என்று ஆசைப்பட வேண்டாம்.

சின்னப் பிள்ளைகளைக் கூட்டிப் போனால் மொட்டை மாடியில் கையை விடாதீர்கள். மழை பெய்தால் படிகள் வழுக்கும், செருப்பு நல்லதாகப் போடுங்கள். உள்ளே குளிர்சாதனம் கிடையாது, மத்தியானம் புழுங்கித் தள்ளும், காலையிலேயே போய்விடுங்கள். பொதுப் போக்குவரத்தை நம்பிப் போகக்கூடிய இடம் இல்லை, கார் வேண்டும்.