கிஃப்ட் ஆஃப் தி கிவர்ஸ்: டர்பனிலிருந்து ஒரு நன்கொடையாளரின் மதிப்பீடு

ஹோட்டலுக்கும் மிக்ஸிக்கும் நட்சத்திரம் போட்டு விமர்சனம் எழுதுகிற நாம் தர்ம நிறுவனங்களை மட்டும் கேள்வி கேட்காமல் விட்டுவிடுகிறோம். கொடுத்ததைப் பற்றிப் பேசினால் புண்ணியம் கரைந்துவிடும் என்ற நினைப்பாக இருக்கலாம். எனக்கு அந்தக் கூச்சம் கிடையாது. டர்பனில் கணக்கு எழுதிப் பிழைக்கிறவள் நான். வரித் தாக்கல் தொடங்கிவிட்டால் டீச்சர்கள், நர்சுகள், கடைக்காரர்கள் என்று எல்லோருடைய ரசீதுகளும் என் மேசைக்குத்தான் வரும். எந்த நன்கொடை ரசீது செல்லும், எது செல்லாது என்று பிரித்து வைப்பது என் தொழில். அந்தக் கண்ணோடுதான் கிஃப்ட் ஆஃப் தி கிவர்ஸ் என்ற தென்னாப்பிரிக்க நிவாரண அமைப்பைப் பற்றி இதையும் எழுதுகிறேன்.

முதலில் எங்கள் வீட்டு வழக்கைச் சொல்லிவிடுகிறேன். நான் தென்காசிப் பக்கம் பிறந்தவள். என் கணவர் குடும்பம் டர்பன் இருக்கிற நேட்டாலுக்குக் கரும்புத் தோட்ட ஒப்பந்தக் கூலிகளாக வந்தது. 1860 நவம்பர் 16-ல் ட்ரூரோ என்ற கப்பல் சென்னையிலிருந்து முதல் கூட்டத்தைக் கொண்டுவந்து இறக்கியதே, அதற்குப் பின்னால் வந்த கப்பல் ஒன்றில். மாமியாருடைய தாத்தாவைப் பற்றி மிச்சம் இருப்பது கப்பல் பட்டியலில் ஒரு எண்ணும், வட ஆற்காடு ஜில்லா என்ற ஒரு வரியும்தான். ஆக எங்கள் வீட்டில் 'நம்ம ஊருக்குக் கொடுக்கணும்' என்று யாராவது சொன்னால், எந்த ஊர் என்று உடனே சண்டை வரும். எனக்கு நான் படித்த பள்ளிக்கூடம் இருக்கிற ஊர். மாமிக்கு, அதாவது மாமியாருக்கு, டர்பனில் இந்தியர்கள் நிறைந்த சாட்ஸ்வொர்த். "இங்க பிள்ளைங்க வெறும் வயித்தோட ஸ்கூலுக்குப் போகுது, நீ அங்க கோபுரத்துக்குப் பெயின்ட் அடிக்கக் காசு அனுப்புறியா?" என்பார். நான் கோபுரத்துக்கு அனுப்பவில்லை, பள்ளிக்கூடத்துக் கழிப்பறைக்குத்தான் அனுப்பப் பார்த்தேன் என்றாலும் காதில் வாங்க மாட்டார்.

அந்தப் பணம் போய்ச் சேரவும் இல்லை. பள்ளியின் பழைய மாணவர்கள் சேர்ந்து ஒரு அறக்கட்டளை வைத்திருக்கிறார்கள். வாட்ஸ்அப்பில் நோட்டீஸும், கூடவே ஒரு க்யூ.ஆர். கோடும் வந்தது. இந்தியாவில் இருப்பவர்கள் போனைக் காட்டினால் நொடியில் போய்விடும். இங்குள்ள வங்கிச் செயலி அந்தக் கட்டத்தைப் பார்த்துத் திருதிருவென்று முழிக்கும். சரி என்று வங்கி வழியாகவே அனுப்பினேன். வெளிநாட்டுக்குப் பணம் போனால் எதற்காகப் போகிறது என்று இங்கே ஒரு காரணக் குறியீடு கொடுக்க வேண்டும், இரண்டு பக்கமும் வங்கிக் கட்டணம் வேறு. கொஞ்ச நாளில் அறக்கட்டளைப் பொருளாளர் கூப்பிட்டார். "அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. இந்தக் காசை வாங்கினா எங்களுக்குக் கேஸாயிடும். திருப்பி அனுப்புறோம்" என்றார். கட்டணம் கழிந்து, மாற்று விகிதத்திலும் அடி வாங்கி, இளைத்துத் திரும்பி வந்தது பணம்.

அவர் சொன்னது சரிதான். இந்தியாவில் 2010-ல் வந்த வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம், சுருக்கமாக எஃப்.சி.ஆர்.ஏ., இருக்கிறது. வெளிநாட்டுக் குடியுரிமை உள்ளவர் யார் கொடுத்தாலும் அது வெளிநாட்டுப் பணம், இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தரும் ஓ.சி.ஐ. அட்டை வைத்திருந்தாலும் அப்படித்தான். அதை வாங்க வேண்டுமானால் அந்த அமைப்பு எஃப்.சி.ஆர்.ஏ. பதிவு செய்திருக்க வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு அந்தப் பணம் முதலில் பாரத ஸ்டேட் வங்கியின் புதுதில்லி முதன்மைக் கிளையில் உள்ள கணக்குக்குத்தான் வந்து இறங்க வேண்டும். தென்காசிப் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக் கழிப்பறைக்குத் தில்லியில் கணக்கு! இந்தியப் பாஸ்போர்ட்டை இன்னும் விடாமல் வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. அவர்கள் வழக்கமான வங்கி வழியில் கொடுக்கலாம். தலைமுறை தலைமுறையாக இங்கே இருக்கிற என் கணவர் போன்றவர்களும், குடியுரிமை மாற்றிக்கொண்ட என் போன்றவர்களும் பதிவு இருக்கிறதா என்று முதலில் கேட்டுக்கொள்வது நல்லது. தம்பிக்கு அனுப்பி அவன் பெயரில் கொடுக்கச் சொல் என்று யோசனை சொல்லாதவர் இல்லை. வரிக்கணக்கு பார்க்கிறவள் வீட்டிலேயே அப்படி ஒரு கணக்கு எழுத நான் தயாராக இல்லை.

இந்த இடத்தில்தான் கிஃப்ட் ஆஃப் தி கிவர்ஸ் எங்கள் வழக்குக்குள் வந்தது. இங்கே இந்தப் பெயரைக் கேள்விப்படாதவர் கிடையாது. டாக்டர் இம்தியாஸ் சூலிமான் 1992-ல் ஆரம்பித்தது. தலைமையகம் நமக்குப் பக்கத்திலேயே, பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில். இஸ்தான்புல்லில் ஒரு சூஃபி குரு சொன்ன வார்த்தையைப் பிடித்துக்கொண்டு ஆரம்பித்ததாக அவரே பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். எனக்கு அவருடைய பள்ளிக்கூடம்தான் சுவாரசியம். டர்பன் சாஸ்திரி காலேஜில் படித்தவர். 1927-ல் இந்திய அரசின் முதல் ஏஜெண்டாக இங்கே வந்தவர் வலங்கைமான் ஸ்ரீநிவாச சாஸ்திரி. அவர் நேட்டால் இந்தியர்களிடம் வசூல் செய்து எழுப்பி, 1929-ல் திறந்த பள்ளி அது. கும்பகோணம் பக்கத்து மனிதர் ஒருவர் டர்பனில் வசூலித்துக் கட்டிய பள்ளியில் படித்த பையன்தான் போஸ்னியாவுக்கும் துருக்கிக்கும் ஆள் அனுப்புகிறார். இதில் எது உள்ளூர், எது வெளியூர் என்று மாமியிடம் கேட்டேன். "இங்க வசூல் பண்ணி இங்க கட்டினார் இல்ல? அதைத்தான் நானும் சொல்றேன்" என்றார். வாதத்தில் அவரை ஜெயிப்பது கஷ்டம்.

வேலையைப் பார்த்தால் இரண்டு பக்கமும் நிற்கிறது. 1994-ல் போஸ்னியப் போருக்கு நடுவே கன்டெய்னர்களுக்குள் ஒரு மருத்துவமனையையே அமைத்து அனுப்பினார்கள். 2023 பிப்ரவரி நிலநடுக்கத்துக்கு இங்கிருந்து மீட்புக் குழு துருக்கி போனது. அதே அமைப்பு 2019-ல் ஈஸ்டர்ன் கேப் மாகாணத்தில் மக்கண்டா ஊர் தண்ணீரில்லாமல் தவித்தபோது போர்வெல் போட்டது. 2022 ஏப்ரலில் நம் மாகாணத்தில் வெள்ளம் 400 பேருக்கு மேல் கொண்டுபோனதே, அப்போது டர்பனில் சாப்பாடும் தண்ணீரும் போர்வையும் கொண்டுவந்தவர்களில் இவர்கள் முன்னால் நின்றார்கள்.

அந்த வெள்ளத்தில் டர்பனுக்கு வடக்கே டொங்காட் ஊரின் தண்ணீர் சுத்திகரிப்பு நிலையம் நாசமாகி, ஊர் மாதக்கணக்கில் குழாயில் தண்ணீர் பார்க்கவில்லை. என் நாத்தனார் வீடு அங்கேதான். டேங்கர் வரும் சத்தம் கேட்டால் பெயின்ட் வாளி, பழைய கோலா பாட்டில், பிள்ளையைக் குளிப்பாட்டும் டப் என்று கைக்குக் கிடைத்ததை எடுத்துக்கொண்டு தெரு முழுக்க ஓடும். நிரப்பிய வாளியைத் தூக்க முடியாத பாட்டிமார் அதைச் சூப்பர்மார்க்கெட் டிராலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போவார்கள். வாளி ஆடி ஆடி, வீடு போய்ச் சேரும்போது முக்கால் வாளிதான் இருக்கும். இதைக் கண்ணால் பார்த்த பிறகு, மாதா மாதம் வங்கியிலிருந்து தானாகப் போகும் தொகையை இந்தப் பக்கம் திருப்பச் சொல்லி எனக்கு யாரும் பிரசங்கம் செய்ய வேண்டியிருக்கவில்லை.

ஆனாலும் 'வெளிநாட்டுக்குக் கொடுக்காதே' என்ற கட்சியில் நான் இல்லை. ஏழை நாட்டில் அதே காசு அதிக தூரம் ஓடும் என்ற வாதத்தில் நியாயம் இருக்கிறது. அதைவிட எனக்கு உறைத்தது வரைபடம். டர்பனிலிருந்து கேப்டவுன் 1,600 கிலோமீட்டருக்கு மேல். மொசாம்பிக்கின் மபுட்டோ ஏறத்தாழ 600. மொசாம்பிக்கில் மலேரியா தலைவிரித்து ஆடுகிறது. தென்னாப்பிரிக்காவில் அது லிம்போப்போ, ம்புமலாங்கா, குவாசூலு நேட்டாலின் வட ஓரம் என்று எல்லைப்புறங்களோடு நிற்கிறது. 2019 மார்ச்சில் இடாய் புயல் பெய்ரா நகரத்தைத் துடைத்துப் போட்டபோது அது செய்தித்தாளில் 'வெளிநாடு' பக்கத்தில் வந்தது. கேப்டவுனில் தீப்பிடித்தால் 'நம் நாடு' பக்கம். கொடுக்கிற கைக்குப் பாஸ்போர்ட் முத்திரைதான் தூரமா? இடாய் நேரத்தில் மொசாம்பிக் போனதும் இதே பீட்டர்மாரிட்ஸ்பர்க் அமைப்புதான். வெளியூருக்குக் கொடுக்க வேண்டுமென்றால் இங்கிருந்து அங்கே போகிற ஒருவர் கையில் கொடுப்பது என்ற முடிவுக்கு நான் வந்தது அதனால்தான். ஏதாவது கேட்க வேண்டுமானால் உள்ளூர் நம்பருக்குப் போன் செய்யலாம்.

இனி என் தொழில் பக்கம். இதை யாரும் ஒழுங்காகச் சொல்வதில்லை என்பதால் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன். தென்னாப்பிரிக்காவில் நன்கொடைக்கு வரிக் கழிவு வேண்டுமானால் 18ஏ ரசீது வேண்டும். அந்த அங்கீகாரம் பெற்ற அமைப்புகள்தான் தர முடியும். அதுவும் இந்த நாட்டுக்குள் நடக்கிற பணிக்கு: ஏழை நிவாரணம், கல்வி, மருத்துவம், முதியோர் பராமரிப்பு போன்றவை. வரி கணக்கிடும் வருமானத்தில் 10 சதவீதம் வரை கழித்துக்கொள்ளலாம். அதற்கு மேல் கொடுத்திருந்தால் மிச்சத்தை அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோகலாம். 31 சதவீத வரி அடுக்கில் இருப்பவர் 1,000 ரேண்ட் கொடுத்தால் 310 ரேண்ட் அவருக்குத் திரும்புகிறது. இந்தியாவில் வரிக் கழிவுக்குத் தரும் 80ஜி ரசீதை இங்கே காட்டினால் சார்ஸ் (இங்குள்ள வரித்துறை) அதிகாரி மரியாதையாகத் திருப்பிக் கொடுப்பார், அவ்வளவுதான். கோயில் ரசீதும் அப்படித்தான். வழிபாடு அந்தக் கழிவுப் பட்டியலில் இல்லை. காவடிக்குக் கொடுத்ததையும் புரட்டாசிப் பூஜைக்குக் கொடுத்ததையும் பத்திரமாக உறையில் போட்டுக் கொண்டுவரும் வாடிக்கையாளர்களிடம் ஆண்டுதோறும் இதைச் சொல்கிறேன். "சாமிக்குக் கொடுத்ததுக்குமா வரி?" என்று என்னை முறைத்துவிட்டுப் போவார்கள்.

2023 மார்ச் 1 முதல் 18ஏ ரசீதில் கொடுத்தவரின் அடையாள எண்ணும் தொடர்பு விவரமும் இருக்க வேண்டும். வரி எண் இருந்தால் அதுவும். கிஃப்ட் ஆஃப் தி கிவர்ஸ் போன்ற பெரிய அமைப்புகளில் இதற்கென்று ஆளும் முறையும் உண்டு. சின்ன அமைப்புகள் சில இன்னும் பழைய ரசீதுப் புத்தகத்தில் 'அன்புள்ள ஐயா' என்று எழுதித் தருகின்றன. ஒரு சிறு அமைப்பு, பெயர் வேண்டாம், என் வாடிக்கையாளர் ஒருவருக்கு எண்ணே இல்லாத ரசீது கொடுத்து, அதைத் திருத்தி வாங்குவதற்குள் எனக்குத் தலை நரைத்தது.

பெரிய அமைப்பில் குறையும் இல்லாமல் இல்லை. எல்லாம் ஒரே மனிதரின் முகத்தில் நிற்கிறது. டிவியில் அவர், வானொலியில் அவர், விருது வாங்குவதும் அவர். நம்பிக்கைக்கு அது நல்லது, அடுத்த தலைமுறைக்கு நல்லதா தெரியாது. இன்னொன்று, பேரிடர் வந்தால் பணம் கொட்டும். ஒவ்வொரு செவ்வாயும் பசிக்கிற வயிறு செய்தி ஆகாது. அது அவர்கள் குறை மட்டுமல்ல, கொடுக்கிற நம் குறை.

மாமிக்கு அதெல்லாம் வேண்டாம், கண்ணால் பார்க்க வேண்டும். 1921-ல் தொடங்கிய ஆரியன் பெனவலன்ட் ஹோம் சாட்ஸ்வொர்த்திலும் முதியோர் இல்லம் நடத்துகிறது. அங்கே அவர் காசு கொடுக்க மாட்டார். பெரியவர்களுக்கான டயபர், மைலோ டப்பா, கால் வலிக்குத் தேய்க்கும் தைலம். கொடுத்துவிட்டு அரை மணி நேரம் உட்கார்ந்து, யாருடைய மகன் ஆஸ்திரேலியாவில் இருக்கிறான், யாருடைய மகள் போன் செய்வதே இல்லை என்ற கதையெல்லாம் கேட்டுக்கொண்டு வருவார். இந்தச் சேவையை எந்தச் செயலியும் தராது. ஒன்றும் செலவழிக்க மனமில்லாதவர்களுக்கு மைஸ்கூல் கார்டு இருக்கிறது. பெவிலியன் மாலில் வூல்வொர்த்ஸ் கவுண்டரில் கேஷியர் கேட்கும்போது அதை நீட்டினால், நீங்கள் தேர்ந்தெடுத்த பள்ளிக்கோ தொண்டு அமைப்புக்கோ கடையே ஒரு சிறு பங்கைக் கொடுக்கும். நமக்குக் கூடுதல் செலவு இல்லை. இது தர்மம் இல்லை, கடைக்காரரின் தர்மத்துக்கு வழி காட்டுவது. ஆனாலும் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது எங்கள் ஏற்பாடு இப்படி ஓடுகிறது. மாதாந்திரத் தொகை கிஃப்ட் ஆஃப் தி கிவர்ஸுக்கு, எங்கே தேவையோ அங்கே செலவழிக்கட்டும் என்று. மாமியின் டயபர் பட்ஜெட் தனி, அதில் யாரும் தலையிடுவதில்லை. தென்காசிப் பள்ளிக்கு எஃப்.சி.ஆர்.ஏ. பதிவு உள்ள ஒரு அமைப்பு மூலம் ஏதாவது செய்ய முடியுமா என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன். முடிந்தால் அதற்கு வரிக் கழிவு கிடைக்காது என்று தெரிந்தே கொடுப்பேன். கிஃப்ட் ஆஃப் தி கிவர்ஸுக்கு ஐந்துக்கு நாலரை. அரை குறைத்தது ஒரே முகம் என்ற அந்தக் கவலைக்காக.

கொடுப்பதாக இருந்தால் பிப்ரவரி கடைசி நாளுக்குள் கொடுத்துவிடுங்கள், இங்கே வரி ஆண்டு அன்றோடு முடிகிறது. பணம் அனுப்பியதும் அடையாள எண், மின்னஞ்சல், வங்கிச் சீட்டு மூன்றையும் சேர்த்து அனுப்பி 18ஏ ரசீது கேளுங்கள். ஜூலையில் என்னிடம் வந்து, "கொடுத்தேன் அக்கா, ரசீது எங்கேயோ வச்சிருக்கேன்" என்று சொன்னால் என்னால் ஒன்றும் செய்ய முடியாது.