தேவனஹள்ளி ஏர்போர்ட்டில் வண்டியை விட்டுவிட்டுப் போகலாமா? பேட்டரி மாற்றிய கையோடு எழுதியது

புது பேட்டரிக்குப் பணம் கட்டிய சூடு இன்னும் ஆறவில்லை. எழுத்தில் அது தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். தர்மபுரி நண்பர் ஒருவர் கேட்டார்: "பதினாறு நாள் வெளிநாடு போறோம்ணா. வண்டியை பெங்களூர் ஏர்போர்ட்லயே விட்டுடலாமா?"

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். கணக்கில் சொந்த வண்டிதான் ஜெயிக்கும், அதுவும் சின்னப் பயணத்துக்கு. தர்மபுரியிலிருந்து போகும் வழியில் இருக்கும் கிருஷ்ணகிரியிலிருந்து கணக்குப் போட்டாலே ஏர்போர்ட் ஏறத்தாழ 125 கி.மீ. டாக்ஸி என்றால் விட ஒரு தடவை, கூட்டிவர ஒரு தடவை, காலி ரிட்டனும் சேர்த்து 500 கி.மீ. நம் தலையில். சொந்த வண்டிக்கு 250 கி.மீ. டீசலோ பெட்ரோலோ போதும். இந்த வித்தியாசத்தை ஒரு நாள் பார்க்கிங் கட்டணத்தால் வகுத்துப் பாருங்கள். எத்தனை நாள் வரை லாபம் என்று உடனே தெரியும். நீண்ட நாள் பார்க்கிங்குக்கான போர்டைப் பார்த்து நுழைய வேண்டும். தூக்கக் கலக்கத்தில் டெர்மினலை ஒட்டிய மணிக்கணக்கு பார்க்கிங்கில் விட்டால் கணக்கே தலைகீழ். வெளிநாட்டு விமானங்கள் 2023 செப்டம்பரிலிருந்து இரண்டாம் டெர்மினலில். தூண் எண்ணையும் தளத்தையும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

ஃபாஸ்டேக் வருடாந்திர பாஸ் வைத்திருப்பவர்கள் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. அது தேசிய நெடுஞ்சாலை டோலுக்கு மட்டும். பார்க்கிங்கில் ஃபாஸ்டேக் காட்டினால் வாலட்டில் இருக்கும் பணத்தில்தான் கழியும். பாஸ் இருக்கிறதே என்று வாலட்டைக் காலியாக வைத்திருந்தால் வெளியேறும் கேட்டில் பின்னால் நிற்பவர்கள் ஹாரன் அடிப்பார்கள்.

சாலையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். சூளகிரிக்கு முன்னால் மேலுமலை ஏற்றத்தில் லாரிகள் வலது லேனில் ஊர்ந்துகொண்டிருக்கும். எலக்ட்ரானிக் சிட்டி மேம்பாலத்தில் கிடைத்த நேரத்தை சில்க் போர்டு சந்திப்பின் நெரிசல் திருப்பிப் பிடுங்கிக்கொள்ளும், மிச்சம் இருந்தால் ஹெப்பாள். பகலில் ஓசூரிலிருந்து பாகலூர், மாலூர், ஹொசகோட்டே வழியாகப் போய் தேவனஹள்ளி பிடிக்கலாம். பெங்களூருக்குள் நுழைய வேண்டியதில்லை. இரவில் அந்த வழி வேண்டாம். மாலூர் வரை வேகத்தடைகள் கண்ணுக்குத் தெரியாது.

இப்போது பேட்டரி. நிறுத்திய வண்டி தூங்குகிறது என்று நினைக்கிறோம், தூங்குவதில்லை. அலாரம், ரிமோட் ரிசீவர், கடிகாரம், கம்ப்யூட்டர் எல்லாம் சேர்ந்து 30 முதல் 50 மில்லி ஆம்பியர் வரை குடித்துக்கொண்டே இருக்கும். 50 என்றே வைத்தால் 16 நாளில் 19 ஆம்பியர் மணி போய்விடும். சின்ன பெட்ரோல் வண்டிகளில் இருப்பது பெரும்பாலும் 35 ஆம்பியர் மணி பேட்டரி. புதியது என்றால் திணறியாவது ஸ்டார்ட் ஆகும். நான்கு வருடப் பேட்டரிக்கு அந்தக் கொள்ளளவே இருக்காது. சாவியைத் திருப்பினால் டக் டக் சத்தம் மட்டும்தான். ஜிபிஎஸ் டிராக்கரோ நேரடியாக வயர் கொடுத்த டேஷ்கேமோ இருந்தால் இன்னும் சீக்கிரம். ஒருமுறை அடிவரை இறங்கிய பேட்டரி பழைய பலத்துக்கு வராது, சார்ஜ் ஏற்றினாலும் சரி.

தீர்வு ஒரு பத்தாம் நம்பர் ஸ்பேனர். பேட்டரியின் மைனஸ் டெர்மினலை மட்டும் கழற்றித் துணி சுற்றி ஓரமாக ஒதுக்க வேண்டும். ஆனால் வரிசை தப்பக் கூடாது. முதலில் டிக்கியிலிருந்து பெட்டிகளை இறக்குங்கள், பட்டனில் திறக்கும் டிக்கி மின்சாரம் போனால் திறக்காது. கண்ணாடிகளை ஏற்றுங்கள், மற்றக் கதவுகளை உள்ளிருந்தே பூட்டுங்கள். அதற்குப் பிறகு மைனஸைக் கழற்றி, பானெட்டை மூடி, கடைசியாக டிரைவர் கதவை சாவியால் பூட்டுங்கள். ஸ்மார்ட் கீ என்றால் அதற்குள் ஒளிந்திருக்கும் இரும்புச் சாவியை வீட்டிலேயே ஒருமுறை போட்டுப் பாருங்கள். பல வண்டிகளில் அந்தத் துவாரத்தை யாரும் தொட்டதே இல்லை.

சமதளமாக இருந்தால் ஹேண்ட் பிரேக் வேண்டாம். முதல் கியரில் போட்டு டயருக்குக் கட்டை கொடுங்கள். ஹேண்ட் பிரேக் போட்டபடி மழையில் நின்றால் பின் டிரம்மில் பிரேக் ஷூ ஒட்டிக்கொள்ளும். டயரில் காற்று மூன்று பாயிண்ட் கூடுதல்.

ஏர்போர்ட்டுக்கு வெளியே சாவியை வாங்கிக்கொண்டு வண்டியை நிறுத்தித் தரும் தனியார் இடங்களும் உண்டு. மலிவுதான். கிலோமீட்டர் மீட்டரையும் பெட்ரோல் முள்ளையும் போட்டோ எடுக்காமல் சாவியைக் கொடுக்காதீர்கள். சாவி அவர்களிடம் இருந்தால் மைனஸைக் கழற்றியும் பிரயோஜனமில்லை, நகர்த்துவதற்காக மறுபடி மாட்டுவார்கள்.

இவ்வளவு சொல்லிவிட்டு, இவை எல்லாம் சரியாகச் செய்தால் பார்க்கிங்கில் ஒரு குறையும் இல்லை என்றும் ஒப்புக்கொண்டுவிட்டு, நண்பருக்குச் சொன்ன பதில்: வேண்டாம். நாலைந்து நாள் என்றால் தாராளமாக விடுங்கள். பதினாறு நாள் கழித்து, இரவெல்லாம் விமானத்தில் உட்கார்ந்து வந்து, இறங்கியதும் பானெட்டைத் திறந்து ஸ்பேனர் பிடித்து, ஹெப்பாள் காலை நெரிசலைத் தாண்டி, மேலுமலை இறக்கத்தில் கண் சொருகாமல் ஓட்ட வேண்டும். டாக்ஸிக்குக் கொடுக்கும் கூடுதல் பணம் அந்த இறக்கத்துக்குத்தான்.

வண்டி தர்மபுரி வீட்டு வாசலிலேயே நிற்கட்டும். அங்கேயும் மைனஸைக் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும்.