சோப்புத் தண்ணீரைச் சுத்தம் செய்யும் செடித் தொட்டி: வாங்கலாமா?

கோலாலம்பூருக்குப் பக்கத்தில், சுங்கை பூலோ நர்சரி வரிசையில் ஒரு கடையில் வாங்கியது. இரண்டு பிளாஸ்டிக் தொட்டி, நடுவே ஒரு குழாய், சரளைக்கல், முதல் தொட்டிக்கு ஆகாயத்தாமரை, அடுத்ததற்குச் சம்பும் கல்வாழையும், எல்லாம் சேர்த்து 180 வெள்ளி (ரிங்கிட்). செந்தூலில் எங்களுடையது மாதிரி பழைய வரிசை வீடுகளில் வாஷிங் மெஷின் தண்ணீர் நேராக லோங்காங்குக்குத்தான், அதாவது தெருவோரச் சாக்கடைக்குத்தான் போகிறது, அது கடைசியில் கிள்ளான் ஆற்றில் போய் விழுகிறது என்பது எனக்கு ரொம்ப நாள் உறுத்தல்.

சரி, வேலை செய்கிறதா? செய்கிறது. முதல் தொட்டியில் நுரை பொங்கும், இரண்டாவதிலிருந்து வடியும் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துக் குலுக்கினால் கொஞ்சம் எழுந்து உடனே அடங்கிவிடுகிறது. ஆகாயத்தாமரையைத் தூக்கிப் பாருங்கள், கருத்த வேர்க்கற்றை முழுக்கச் சாம்பல் நிறத்தில் வழவழவென்று ஏதோ படிந்திருக்கும். அதைக் கழுவிவிடாதீர்கள். சோப்பைச் சிதைப்பது அதில் குடியிருக்கும் பாக்டீரியாதான். அதற்கு வேண்டிய ஆக்சிஜனில் கொஞ்சத்தைச் செடி தண்டு வழியாக வேருக்கு இறக்கிக் கொடுக்கிறது. பாஸ்பேட்டையும் நைட்ரஜனையும் செடியே உறிஞ்சிக்கொள்ளும்.

ஆனால் இதெல்லாம் நடக்கத் தண்ணீர் நின்று நிதானமாகப் போக வேண்டும். புத்ராஜெயாவில் ஏரிக்கு வரும் தண்ணீரை 24 சதுப்புப் பகுதிகள் வழியாக மெதுவாக நகர்த்தித்தான் வடிகட்டுகிறார்கள். இந்தத் தொட்டியிலோ மெஷின் ஒரே மூச்சில் கொட்டினால் பாதி அப்படியே வழிந்தோடிவிடுகிறது. ஒரு பீப்பாயில் பிடித்துவைத்து, குழாயைச் சன்னமாகத் திறந்துவிட வேண்டியிருக்கிறது, அந்தப் பீப்பாய் செட்டில் வராது. பிளீச் போட்ட தண்ணீரை இதில் விடவே கூடாது, பாக்டீரியா செத்துவிடும், இதையும் கடையில் சொல்லவில்லை.

கொசு வலை தராதது பெரிய குறை. டெங்கி உள்ள ஊரில் நிற்கும் தண்ணீரை விற்றுவிட்டு வலை இல்லையென்றால் எப்படி? கப்பி மீன் விடலாம் என்றார் கடைக்காரர், முதல் தொட்டியின் சோப்புத் தண்ணீர் மீனின் செவுளையே அரித்துவிடும், அங்கே வலைதான் ஒரே வழி.

அப்புறம், ஆகாயத்தாமரை வேகமாகப் பெருகும். தொட்டி நிறைந்ததும் பாதியை அள்ளி உரக்குழியில் போடுங்கள், விட்டுவிட்டால் அழுகி, உறிஞ்சிய பாஸ்பேட் எல்லாம் திரும்பத் தண்ணீருக்கே வந்துவிடும். லோங்காங்கில் மட்டும் தயவுசெய்து வீசாதீர்கள், தென் அமெரிக்காவிலிருந்து வந்து உலகம் முழுக்க ஏரி குளங்களை மூடிக்கொண்ட செடி அது.

வீட்டு வாசலில் கொஞ்சம் இடமும் வாரம் ஒருமுறை கைவைக்கப் பொறுமையும் இருந்தால் தாராளமாக வாங்கலாம். வலையும் பீப்பாயும் சேர்த்துக் கொடுத்தால் இன்னும் 50 வெள்ளி கூடக் கேட்டாலும் நான் கொடுப்பேன்.