சர்வரில் இடம் தீர்ந்தால் எனக்கு என்சிடியு போதும்

நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கத்துக் கடைகளின் பில்லிங் சர்வர்களைப் பார்த்துக்கொள்கிறேன், எல்லாம் லினக்ஸ். டிஸ்க் நிரம்பிவிட்டது என்று போன் வந்தால் நான் முதலில் திறப்பது என்சிடியு. எந்த ஃபோல்டர் எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்று காட்டும் டூல் இது. யோரன் ஹெலிங் எழுதியது, இலவசம், 2007 முதல் இருக்கிறது.

கமாண்ட் அடிக்கிற டெர்மினல் திரையிலேயே ஓடுவதுதான் இதன் பெரிய பலம். குலசேகரம் தாண்டி ரப்பர் தோட்டங்களுக்குள் போய்விட்டால், அதுவும் அடைமழை நேரத்தில், போன் ஹாட்ஸ்பாட்டில் கிடைக்கிற சிக்னலை வைத்து எஸ்எஸ்எச் போட்டு, அதாவது தூரத்திலிருந்தே சர்வருக்குள் நுழைய, முடிந்தாலே பெரிய விஷயம், அங்கேயும் இது தடுமாறாமல் வேலை செய்கிறது. லினக்ஸில் இடத்தை அளக்க இருக்கும் வெறும் டியூ கமாண்டில் ஒவ்வொரு ஃபோல்டராக எண்களைப் படித்துப் படித்து இறங்க வேண்டும். இது ஒரே தடவை ஸ்கேன் செய்து, பெரிய ஃபோல்டரை மேலே வைத்து, பக்கத்தில் ஒரு பட்டையும் காட்டுகிறது. எண்டர் தட்டினால் உள்ளே, இடது அம்பு தட்டினால் வெளியே, அவ்வளவுதான்.

ஒரு துணிக்கடையில் "அண்ணே, பில்லே அடிக்க முடியல" என்று கூப்பிட்டார்கள். எல்லா ஃபோல்டருக்கும் மேலே இருக்கும் ரூட்டில் மைனஸ் எக்ஸ் போட்டு ஓட்டினேன், அப்படிப் போட்டால்தான் பேக்கப்புக்கு மாட்டியிருக்கும் வேறு டிஸ்க்கையும் சேர்த்து எண்ணாது. வார் ஃபோல்டர் முதலிடம், அதற்குள் லாக், அதற்குள் சிஸ்டம் தன் லாக்குகளைச் சேர்த்து வைக்கும் ஜர்னல். அதை அங்கேயே அழிக்கக் கூடாது, ஜர்னல்சிடிஎல் கமாண்டில் வேக்யூம் கொடுத்துத்தான் சுருக்க வேண்டும். புரோகிராம்களைத் தனித்தனிக் கண்டெய்னர்களில் ஓட்டும் டாக்கரின் ஓவர்லே ஃபோல்டரும் அப்படித்தான், கையால் தொட்டால் கண்டெய்னர் போச்சு. என்சிடியுவில் டி தட்டினால் அழிக்கட்டுமா என்று கேட்கும், கூடவே 'இனி கேட்காதே' என்றும் ஒரு பட்டன் இருக்கும். அந்தப் பட்டனை எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை, இதில் குப்பைத் தொட்டி கிடையாது, போனால் போனதுதான். புதுப் பையன்களிடம் கொடுக்கும்போது மைனஸ் ஆர் போட்டே கொடுங்கள், பார்க்கலாம், அழிக்க முடியாது.

குறை இல்லாமல் இல்லை. ஸ்கேன் முடியும்வரை உள்ளே போய்ப் பார்க்க முடியாது, ஃபைல்கள் அதிகமென்றால் காத்திருக்க வேண்டியதுதான். அப்புறம், டிஸ்க் மொத்தமாக எவ்வளவு நிரம்பியது என்று காட்டும் டிஎஃப் கமாண்ட் சில நேரம் நூறு சதவீதம் என்று சொல்லும், என்சிடியு பாதிதான் என்று சொல்லும். அழித்த லாக் ஃபைலை ஏதோ ஒரு சர்வீஸ் இன்னும் திறந்து வைத்திருக்கும், அந்த இடம் இதன் கண்ணில் படாது. எல்எஸ்ஓஎஃப் கமாண்டில் யார் பிடித்திருக்கிறார்கள் என்று பார்த்து அந்த சர்வீஸை ரீஸ்டார்ட் செய்தால் இடம் திரும்பி வரும். ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒன்று தேவைப்படும் ஐநோடு என்ற பதிவுகள் தீர்ந்துபோனதும் இதில் நேராகத் தெரியாது, அதற்கு டிஎஃப் மைனஸ் ஐ.

டெபியன், உபுண்டு இரண்டிலும் இன்ஸ்டால் செய்யும் ஆப்ட் கமாண்டிலேயே கிடைக்கிறது. இப்போதே போட்டு வையுங்கள். டிஸ்க் முழுதும் நிரம்பிய பிறகு இன்ஸ்டால் செய்யப் போனால் அதற்கே இடம் இருக்காது, முதலில் ஆப்ட் கிளீன் கொடுத்து, முன்பு டவுன்லோட் ஆன பேக்கேஜ் ஃபைல்களைக் காலி செய்துவிட்டுத்தான் உள்ளே கொண்டுவர முடியும்.